இரண்டு டிரம்ஸ், ஒரே கசெட்

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் லண்டனுக்கு வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. வால்தம்ஸ்டோவில் மனைவியோடு ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தேன். விடிய ஐந்து மணிக்கு, பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் தொடங்கும். ஆள் குறைந்தால் அடுத்த ஷிப்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள். ஆள் எப்போதும் குறைவுதான். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் நடத்திய ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் அடிப்பேன். கல்யாண வரவேற்பு, கலைவிழா என்று எங்காவது ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி இருக்கும். அதுவும் களைப்புத்தான். ஆனால் அந்தக் களைப்பு எனக்குச் சொந்தமானது என்று நினைத்துக்கொள்வேன்.

தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிற ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஐம்பது வயது, பின்னால் முடிந்து கட்டிய நரைத்த தலைமுடி. நான் டிரம்ஸ் அடிப்பவன் என்று தெரிந்த நாளிலிருந்து கன்டீனில் என் பக்கத்தில்தான் உட்காருவார். பழைய அமெரிக்க இசைக்குழுக்களின் கசெட்டுகள் அவரிடம் நிறைய இருந்தன. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், பாதிக்கு மேல் வாத்தியம் மட்டும்தான். அவற்றில் சில குழுக்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் டிரம்ஸ் அடிப்பார்கள். வாக்மனை என் காதில் மாட்டிவிட்டு, ஒருவருடைய அடி இடது காதில் கேட்கும், மற்றவருடையது வலது காதில் கேட்கும், கவனித்துப் பார் என்பார். எந்தக் குழுவின் சோடி நல்ல சோடி என்று தேநீர் ஆறும் வரைக்கும் விவாதிப்போம். ஒரு குழுவில் இரண்டு பேரும் ஒரே அடியை ஒன்றாக அடித்து மலைபோல் நிற்பார்கள். இன்னொன்றில் ஒருவர் தாளத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் சுற்றிச் சுற்றி விளையாடுவார். அவருக்கு முதலாவது பிடிக்கும், எனக்கு இரண்டாவது. நாலைந்து மாதத்தில், எந்த அடி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

எங்கள் குழுவிலும் இரண்டு டிரம்ஸ் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். கீபோர்ட் வாசிக்கிறவர்தான் குழுவை நடத்தினார், பகலில் கவுன்சில் கந்தோரில் எழுத்து வேலை. அவருக்கும் யோசனை பிடித்தது. இல்ஃபோர்டில் இருந்த ஒருவரைக் கூட்டி வந்தார். மன்னார்ப் பக்கம், கோயில் திருநாள்களில் பாண்ட் வாசித்தவராம். லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. அதிகம் பேசமாட்டார். கடை ஒன்றில் பெட்டி தூக்கிவிட்டு வருவார்.

முதல் நிகழ்ச்சிக்கே கைதட்டல் நிற்கவில்லை. நான் சுற்றிச் சுற்றி அடிப்பேன், அவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார். கன்டீனில் நான் விரும்பியது அப்படியே மேடையில் நடந்தது. ஆனால் கன்டீனில் நாங்கள் கசெட்டில் கேட்ட டிரம்ஸ்காரரை ஒப்பிட்டதுபோல சனமும் எங்கள் இரண்டு பேரையும் ஒப்பிடத் தொடங்கியது. இடைவேளையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, புதுசா வந்தவற்ற அடி என்ன சுத்தம் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு இன்னொரு மண்டபத்தில் இன்னொருவர். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதோ அரிக்கத் தொடங்கியது.

கிங்ஸ்பரிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. அன்று நான் இரண்டு ஷிப்ட் முடித்து, குளிக்கவும் நேரமில்லாமல் நேரே மண்டபத்துக்குப் போனேன். நாலாவதோ ஐந்தாவதோ பாட்டில் தாளம் உடைந்தது. பாடிக்கொண்டிருந்த பெண் தடுமாறி வரியை விட்டார், பிறகு பாட்டையே நிறுத்திவிட்டார். மண்டபத்தில் சிரிப்பு. மாப்பிள்ளையின் தகப்பன் மேடையடிக்கு வந்து, இதுக்கோ உங்களைக் கூப்பிட்டனாங்கள் என்று கேட்டார். அந்தப் பெண் மேடைக்குப் பின்னால் போய் அழுதார்.

அடுத்த வாரம் கீபோர்ட்காரர் வீட்டில் எல்லோரும் கூடினோம். மேடையில் வைத்த சின்ன ரெக்கார்டரில் பதிந்த கசெட்டைப் போட்டார். பிழை விட்டது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். குழுவில் காது தீட்டியவன் நான் என்று பெயர். அந்தச் சின்ன ரெக்கார்டரில் இடதுமில்லை வலதுமில்லை, இரண்டு பேருடைய அடியும் ஒன்றாகக் குழைந்து கேட்டது. எனக்கு உண்மையில் பிரித்துச் சொல்ல ஏலவில்லை. ஆனால் தெரியாது என்று வாயில் வரவில்லை. அது நானாக இருக்க முடியாது என்றுதான் மனம் சொன்னது. மற்ற டிரம்ஸ்காரரைக் காட்டி, “உம்மட கைதான் பிந்தினது” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். ஆறுதலாகத்தான் பார்த்தார். “சரி அண்ணை” என்று மட்டும் சொன்னார். சாமான் ஏற்றும் வான் வண்டியில் இடமும் போதாது, இனி ஒரு டிரம்ஸே போதும் என்று முடிவானது. தன் சிம்பல்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மூன்று மாதம் கழித்து, அந்தக் கல்யாணத்தை எடுத்த வீடியோக்காரர் குழுவுக்கென்று ஒரு கசெட் தந்தார். அது என் வீட்டுக்குத்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஷிப்டால் வந்து சப்பாத்துகூடக் கழற்றாமல் வீடியோ டெக்கில் போட்டேன். அந்தப் பாட்டு வந்தபோது கமரா மேடையின் பக்கவாட்டில் நின்று என்னைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. என் தலை முன்னால் சரிகிறது. கண் மூடியிருக்கிறது. வலது கைக் குச்சி அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு அடி இல்லை. பிறகு திடுக்கிட்டு, விட்டதைப் பிடிக்க அவசரமாக அடிக்கிறேன். பக்கத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, தன் அடியை இழுத்து, நான் வந்து சேர்வதற்கு இடம் விடப் பார்க்கிறார். நான் இன்னும் வேகமாக ஓடுகிறேன். அதோடு தாளம் உடைகிறது.

திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். பின்னால் நின்ற மனைவி, “நீங்கள் நித்திரை தூங்கி விழுறியள்” என்றாள். சொல்லிவிட்டு, சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

உடனே எல்லோருக்கும் போன் பண்ணினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தக் கசெட்டை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். வீடியோ வந்ததா என்று கீபோர்ட்காரர் கேட்டபோது இன்னும் பார்க்கவில்லை என்றேன். இரண்டு கிழமை அப்படிப் போனது. கன்டீனில் வாக்மனை மாட்ட வந்தவரிடம் தலையிடி என்று சொன்னேன். கடைசியில் ஒரு ஞாயிறு காலை, மனதின் அரிப்புத் தாங்காமல் இல்ஃபோர்டுக்குப் போனேன்.

அவர் கதவைத் திறந்து, ஏன் வந்தேன் என்று கேட்காமல் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை.”

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?”

“நான் புது ஆள். என்ர சொல் எடுபடாது. அதோட நீங்கள் அண்டைக்கு நேர வேலையால வந்தனீங்கள், கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. எனக்கும் களைப்பு. சண்டை பிடிக்கிறதுக்கும் ஒரு தென்பு வேணும்தானே.”

மன்னிப்பு என்ற சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். பிறகு, பாட்டில் எந்த இடத்தில் நான் அடியை விட்டேன் என்று கேட்டார். மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். அவரும் தட்டினார். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தோம். அந்த இடம் வந்தபோது நான் வேண்டுமென்றே இரண்டு அடி விட்டேன். அவர் இழுத்துப் பிடித்தார். இந்த முறை நான் ஓடவில்லை, காத்திருந்து சேர்ந்துகொண்டேன்.

அடுத்த ஒத்திகையில் எல்லோருக்கும் முன்னால் வீடியோவைப் போட்டேன். பாடிய பெண் என்னோடு அதன்பிறகு சரியாகப் பேசவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. கீபோர்ட்காரர் இல்ஃபோர்ட்காரரைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. கோபமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் இப்ப ஆறுதலாகப் படுக்க ஏலுமாக இருக்கிறது, அதை விட மனமில்லை என்று சொன்னாராம். எனக்குப் பக்கத்தில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. குழு கலையும் வரைக்கும் தனியாகத்தான் அடித்தேன்.

இன்று வேலையிலோ வீட்டிலோ ஒரு பிழைக்கு யாரையாவது காட்ட விரல் எழும்பும்போதெல்லாம், களைத்துப்போன ஒருவர் தன் அடியை இழுத்துப் பிடித்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது கண்ணில் வருகிறது. சில வேளை விரல் இறங்கிவிடுகிறது, இறங்காத வேளைகளில் பின்னர் வெட்கப்படவாவது தெரிகிறது.