பனி ஏரியைக் கடந்து வந்த கஞ்சி

அப்பா பிறந்தது சிங்கப்பூரின் செம்பவாங்கில், கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில். ஜப்பான்காரர்கள் ஊரைவிட்டுப் போகவிருந்த கடைசி மாதங்கள் அவை. தாய்ப்பால் போதாமல் மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியில் வளர்ந்த குழந்தை என்று உறவினர்கள் சொல்வார்கள். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தவர், அங்கேயே ஓய்வு பெற்றார். அம்மாவைக் கைப்பிடித்தது, என்னையும் தம்பி அந்தோணியையும் படிக்கவைத்தது, பிறகு தெம்பனிஸில் வீடு எடுத்தது எல்லாம் அந்த வெல்டிங் வெளிச்சத்தில்தான்.

இவை உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றை நான் எழுத வேண்டும். அப்பா மறைந்து ஓராண்டாகும் இந்த நினைவு நாளில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நினைவு தெரியாத வயதில், ரஷ்யக் கப்பல் ஒன்று பழுதுபார்க்கச் செம்பவாங்குக்கு வந்தது. அதில் அலெக்ஸி என்றொரு இயந்திரப் பொறியாளர். மதிய நேரத்தில் அப்பா அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடும்போது, கீழே சிந்திய சோற்றுப் பருக்கைகளை அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாராம். அப்பா பதறிப்போய்ப் பாத்திரத்தையே அவர் பக்கம் தள்ளியிருக்கிறார். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அப்பாவின் வெல்டிங் சாக்கட்டியை வாங்கி, இரும்புத் தளத்தில் ஒரு நகரத்தையும் அதன் பக்கத்தில் ஒரு பெரிய ஏரியையும் வரைந்தார். நகரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் ஜெர்மன் படை.

இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம் மட்டுமே. கப்பல் புறப்படும்வரை நாள்தோறும் கதை வளர்ந்தது. லெனின்கிராட் நகரத்தை ஜெர்மானியர்கள் சண்டையிட்டுப் பிடிக்கவில்லை; வளைத்துக்கொண்டு, பசி தங்கள் வேலையைச் செய்யும் என்று காத்திருந்தார்கள். நகரத்தார் ரொட்டியில் மரத்தூள் கலந்தார்கள். தோல் வாரை வேகவைத்துக் குடித்தார்கள். வானொலியில் பேச ஆளில்லாத நேரத்தில் ஒரு தாளக் கருவி டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அது கேட்டால் நகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மேல் லாரிகள் மாவு கொண்டுவந்தன. பனி உடைந்தால் குதித்துத் தப்ப, ஓட்டுநர்கள் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள். அலெக்ஸி அப்போது சிறுவன். அப்படியொரு லாரியில் மறுகரைக்குப் போய்ப் பிழைத்தவர்.

"நீங்கள் எப்படி ஜெயித்தீர்கள்?" என்று அப்பா கேட்டாராம். "அங்கே ஜெயிக்கவில்லை. முடிந்துபோகாமல் இருந்தோம், அவ்வளவுதான்" என்றாராம் அவர்.

பிற்பாடு இந்தக் கதைதான் எங்கள் தாலாட்டு. பனியையே பார்த்திராத அப்பா, அதைத் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு சொல்வார்: "வெல்டிங் பொறி பறக்கும்ல, அது சத்தமில்லாம, சூடில்லாம, வானம் பூரா விழுந்தா எப்படி இருக்கும்? அதான் பனி." நான் கண்ணை மூடுவேன். செம்பவாங் சாலை வெள்ளையாகும். மழைமரங்கள் வெள்ளையாகும். அதற்குள் ஒரு லாரி, இரண்டு கதவும் சிறகு போல விரிந்தபடி, மெல்ல மெல்ல வரும். அது வந்து சேர்வதற்குள் நான் தூங்கியிருப்பேன்.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு இடங்கள். பிறகு ஒரு நாள் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

தட்டைக் கொண்டுபோனால் மெல்ல நகர்த்திவைப்பார். "பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்பார். ரொட்டித் துண்டுகள் தலையணைக்குக் கீழே போயின. எறும்பு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவர் அன்பாகத்தான் சொன்னார்: அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால், மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், கையால் பிடுங்காமலிருக்க உறை மாட்டவேண்டியும் வரலாம். வாழ்நாள் முழுக்க இரும்பை இணைத்த அந்தக் கைகளில் உறை. நான் எப்போதுமே கவலைப்படுகிறவள். மகள் ரீட்டா பள்ளியிலிருந்து வரத் தாமதமானாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த வாரங்களில் நான் மூச்சுவிட்டேனா என்றே தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஜப்பான்காரன் காலத்துப் பசி, குழந்தையில் பட்டது இப்போது திரும்பி வருகிறது. எனக்கும் அது சரியென்றே பட்டது. தேக்கா சந்தைக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு வாங்கிவந்து, தேங்காய்ப் பால் விட்டுக் கஞ்சியாகக் குழைத்து எடுத்துப் போனேன். அப்பா மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாடி இது?"

"ஜப்பான் காலத்துச் சாப்பாடும்மா. அந்த ஞாபகத்துலதான் அப்பா…"

"நல்லா இருக்கு கூத்து! ஜப்பான்காரன் கப்பல் ஏறுறப்ப உங்கப்பா தொட்டில்ல மூத்திரம் போயிட்டுக் கிடந்தாரு. அவருக்கு என்னா ஞாபகம்? இது அந்த ரஷ்யாக்காரன் பண்ணின வேலை. அந்தக் கப்பல் வந்த நாள்லேருந்து நான் அந்த ஊர்லதானே குடித்தனம் பண்றேன்."

அப்போதுதான் அறை எனக்குத் தெரிந்தது. வெயில் பட்டு வெளுத்த திரைச்சீலை. மின்விசிறியின் டக் டக். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்த அப்பா. அவர் எங்கள் வீட்டில் இல்லை. வளைக்கப்பட்ட ஒரு நகரத்தில், பிள்ளைகளுக்காகத் தன் பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு கிடந்தார்.

"போர் முடிஞ்சிருச்சுப்பா" என்றேன்.

"யாரு சொன்னா? சுத்தி நிக்கிறான் ஜெர்மன்காரன். சத்தம் போடாதே."

அம்மா தன் கைத்தடியால் என் காலைத் தட்டினார்கள். "அவரை வெளிய கூப்பிடாதடி. நீ உள்ள போ."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "லாரி வந்திருக்குப்பா. ஏரி மேல. மாவு வந்திருக்கு."

அப்பா போர்வையைக் கழுத்திலிருந்து சற்று இறக்கினார்.

"கதவு திறந்திருந்துச்சா?"

"ரெண்டு கதவும் திறந்துதான் இருந்துச்சுப்பா."

அவர் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தை என் பக்கமே தள்ளினார்.

"முதல்ல பிள்ளைங்க."

ஆகவே நான் சாப்பிட்டேன். ஐம்பதைத் தொட்ட நான், உப்பில்லாத அந்தக் கஞ்சியை அவர் கண் முன்னால் விழுங்கினேன். தொண்டையில் இறங்குவதை அவர் கவனித்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழியானது. ஆனால் ஒருவர் சாப்பிட்டால் போதவில்லை. "மத்தவங்க?" என்று கேட்பார். நகரத்தில் ஒருவர் மட்டுமா இருப்பார்! வீட்டில் இருந்தவர்கள் போதாமல், நலம் விசாரிக்க வந்தவர்களின் கையில் எல்லாம் நான் கிண்ணத்தைக் கொடுத்தேன். அடுத்த முறை வந்த மருத்துவர் அப்பாவின் எடையைப் பார்த்துவிட்டு, குழாயைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

பட்டறைத் தோழர் செல்லையா மாமா வாரந்தோறும் வந்தார். "டேய், எனக்குச் சர்க்கரைடா. உன்னைப் பொழைக்க வைக்க நான் சாகணுமா லா?" என்று திட்டிக்கொண்டே இரண்டாவது கிண்ணத்தையும் முடிப்பார். அப்பா சிரிப்பார். யாரென்று தெரியாமலே சிரிப்பார்.

தேர்வு நெருக்கத்தில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோகும் ரீட்டாவும் தாத்தாவின் கட்டிலருகில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "மம்மி, தாத்தா வாட்ச் பண்றாரு, என்னால ஏமாத்த முடியல" என்றாள். அந்த மாதங்களில் என் இரண்டு கவலைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டன. நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசி நாள் காலை, மழை விட்டிருந்தது. அப்பா சன்னல் பக்கம் திரும்பி, கீழே புல்வெளியை வெகுநேரம் பார்த்தார். லாரியைப் பற்றிக் கேட்கவில்லை.

"பனி உருகிடுச்சும்மா" என்றார். "சதுக்கம் பூரா கோஸ் நட்டிருக்காங்க. பாரு, எவ்வளவு பச்சை."

அந்த நகரத்தார் வசந்தத்தில் அப்படித்தான் செய்தார்கள்; தேவாலயத்தின் முன்னால் இருந்த சதுக்கத்தைக்கூடக் கொத்திக் கோஸ் பயிரிட்டார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே வெறும் புல்தான். ஆனால் அவ்வளவு பச்சையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. அன்று யாரும் முதலில் சாப்பிட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அம்மா கொடுத்த இரண்டு வாய்க் கஞ்சியை வாங்கிக்கொண்டார். பிற்பகலில், அம்மாவின் கை அவர் கைமேல் இருக்க, இறைவனடி சேர்ந்தார். அந்தக் கைகளில் உறை இல்லை.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கும், மலர் அனுப்பியவர்களுக்கும், செபித்தவர்களுக்கும் நன்றி. அதைவிடப் பெரிய நன்றி ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக், நோன்பு மாதத்திலும் மாலையில் நோன்பு திறக்கும் நேரத்தில் தன் பேரீச்சம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா முன்னால் கஞ்சிக் கிண்ணத்தில் வாய்வைத்தார்கள். நோயாளி வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை என்றிருந்த தாதி, ஒரு பிஸ்கட்டைக் கடித்துக் காட்டினார். பங்குத் தந்தை நற்கருணை கொண்டுவந்த நாளெல்லாம் கஞ்சியும் குடித்தார். அந்தோணி வேலையிலிருந்து பசியோடு வந்தும், அப்பாவின் வேகத்திலேயே மெல்ல மெல்லச் சாப்பிட்டான். செல்லையா மாமாவின் சர்க்கரைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். காரணம் கேட்காமல் கிண்ணத்தை வாங்கிய நீங்கள் ஒவ்வொருவரும் அந்த ஏரியைக் கடந்து வந்தவர்கள்.

நினைவுத் திருப்பலி முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கிறோம். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லி யாரும் நழுவ வேண்டாம். முதல் பந்தியில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பிறகு நீங்கள். எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று அம்மா பார்த்துச் சொன்ன பிறகு, நாங்கள் உட்காருவோம்.