பொய்யாக உட்கார்ந்த நாட்கள்

இதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. புதுப்பெண் கட்டைவிரலால் தரையைக் கீறுகிற வெட்கம் இல்லை. மானம் போகிற வெட்கம்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். உத்தர வீதியில் வீடு. கணவருக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் ஃபாக்டரியில் வேலை. மாமனார் இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும்தான்.

கணவர் நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் நெருங்கினால் எனக்கு வலித்தது. கிழிப்பது மாதிரி வலி. என் உடம்பு என்னைக் கேட்காமலே இறுகிப் பூட்டிக்கொள்ளும். அவர் பயந்துபோய் விலகி, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி மன்னிப்புக் கேட்பார். யாரிடம் போய் எந்த வார்த்தையில் சொல்வது? எனக்குத் தெரிந்த தமிழில் அந்த இடத்துக்கு வசவைத் தவிர வேறு பெயரே கிடையாது.

மாதத்தில் மூன்று நாள்தான் எனக்கு நிம்மதி. எங்கள் வீட்டில் விலக்கானால் கொல்லைப்பக்கத்து அறையில் மூன்று நாள் தனியாக உட்கார வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். நாம் யாரையும் தொடக்கூடாது, நம்மையும் யாரும் தொடமாட்டார்கள். என் வயதுப் பெண்கள் எல்லாம் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு மட்டும் எப்போது வரும், எப்போது வரும் என்றிருக்கும்.

அப்புறம்தான் புத்தி கோணலாகப் போயிற்று. தலைக்குக் குளித்து உள்ளே வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஒருநாள் காலை அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, நான் மறுபடியும் தூரம்" என்றேன்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். "மறுபடியுமா? சரி, போய் உக்காந்துக்கோ."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு முறை, பிறகு மூன்று முறை. பெரிய கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. முகத்தைச் சோர்வாக வைத்துக்கொள்வேன், வயிற்றைப் பிடித்துக்கொள்வேன், மூன்றாம் நாள் புடவையை நனைத்துப் பிழிந்து கொல்லைக் கொடியில் போடுவேன். உட்கார்ந்த இடத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை. மாமியாரோ முட்டி வலியோடு கிணற்றில் தண்ணீர் இழுத்து, தளிகை பண்ணி, எனக்கும் கொண்டுவந்து எட்ட நின்று போடுவார். "இன்னும் ரெண்டு கரண்டி போடட்டுமா?" என்று வேறு கேட்பார். நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அந்தச் சோறு எப்படித்தான் தொண்டையில் இறங்கிற்றோ!

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசிக்கு மன்னார்குடி உறவுக்காரர்கள் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். கணவர் இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். லீவு என்றால் அவர் வீட்டிலேயே இருப்பார். முதல் நாளே போய்க் கொல்லை அறையில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்களில் நடக்க முடியாத ஒரு கிழவரும், கைக்குழந்தைகள் இரண்டும் உண்டு. அவர்களைப் பார்த்துக்கொண்டு, கோவிலுக்குப் போனவர்கள் வருவதற்குள் பலகாரமும் பண்ண ஓர் ஆள் வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பரமபத வாசல் சேவிக்க ஒரு வருஷமும் தவறாத என் மாமியார் அன்றைக்கு அடுப்படியில் நின்றார். தெருவில் "ரங்கா, ரங்கா" என்று கூட்டம் போகிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். எழுந்து மட்டும் போகவில்லை.

தை மாதத்தில், "டாக்டர்கிட்ட காமிச்சுடலாம்" என்றார் மாமியார். டவுன் பஸ்ஸில் பாலம் தாண்டித் திருச்சிக்கு அழைத்துப் போனார். கழுத்தில் சிறிய சிலுவை போட்ட, குரல் கனத்த லேடி டாக்டர். பரிசோதிக்கப் படுக்கச் சொன்னபோது, "இப்பவும் விலக்காத்தான் இருக்கேன் டாக்டர்" என்று அங்கேயும் ஒரு பொய்.

"மாசத்துக்கு மூணு தடவையா? அப்ப மயக்க மருந்து குடுத்து கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணித்தான் பார்க்கணும். வியாழக்கிழமை வெறும் வயித்தோட வாங்க" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட, இல்லாத நோய்க்கு வயிற்றைச் சுரண்டிக்கொள்வது எனக்குச் சுலபமாகப் பட்டது. இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

வியாழக்கிழமை நானும் மாமியாரும் போனோம். "நான் முதல்ல போய் ரெண்டு வார்த்தை கேட்டுண்டு வரேன்" என்று மாமியார் உள்ளே போனார். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னை மேஜையில் படுக்க வைத்தார்கள். "காலைத் தளர்த்துங்கம்மா" என்றாள் நர்ஸ். முட்டி இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. டாக்டர் நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?"

நான் ஓவென்று அழுதேன்.

"மாசம் மூணு தடவை வருதுன்னியே, அது?"

"பொய் டாக்டர்."

"அட பைத்தியக்காரப் பொண்ணே! இதைச் சொல்லாம மயக்க மருந்துக்கா வந்து படுத்திருக்கே?"

நன்றாகத் திட்டினார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பயத்தில் அந்தத் தசை தானாகவே இறுகிக்கொள்கிறதாம். பல பெண்களுக்கு உண்டாம். சில ஆஸ்பத்திரிகளில் வெட்டித் தைத்துவிடுவார்கள், உனக்கு அது தேவையில்லை என்றார். தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, தடவ ஒரு ஜெல்லி, சுண்டுவிரல் கனத்திலிருந்து ஒன்றைவிட ஒன்று பருமனான நாலு கண்ணாடிக் குழாய்கள். அதை என் கையால், நானே, பயமில்லாமல் பழக வேண்டும். "அடுத்த தடவை உன் வீட்டுக்காரரும் வரணும். நான் சொல்ற வரைக்கும் அவர் ஒண்ணும் முயற்சி பண்ணக் கூடாது." அப்படி ஒரு மருந்துச் சீட்டு உலகத்தில் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் போய் உட்கார்ந்து, "அம்மா, நான் விலக்கே இல்லை. எல்லாம் பொய்" என்றேன்.

"தெரியும்."

"டாக்டர் சொன்னாரா?"

"நான்னா அவர்கிட்ட சொன்னேன். புடவை மட்டும் காயறது, அந்தத் துணி ஒண்ணுகூடக் கொடிக்கு வரலை. நாலு மாசமா பார்த்துண்டுதானே இருக்கேன்? நீ ஏதோ பயத்துல ஒளியறேன்னு புரிஞ்சது. ஆனா அவன் என் பிள்ளையாச்சே, நான் எப்படிடி உன்னைக் கேக்கறது? டாக்டர் கேப்பார்னு கூட்டிண்டு வந்தேன். அவர் கேக்கலை. அதான் இன்னிக்கு வெக்கத்தை விட்டுட்டு நானே போய்ச் சொன்னேன்."

"அப்போ ஏகாதசி அன்னிக்கு? என்னைக் கூப்பிட்டிருக்கலாமேம்மா!"

"எட்டுப் பேர் முன்னாடியா? கூப்பிட்டா நீ பொய் சொன்னேன்னு நானே எல்லாருக்கும் சொன்ன மாதிரி ஆயிடாதா? எழுந்திரு, பஸ் வந்துடும்."

குணமாக ஆறு மாதம் ஆயிற்று. டாக்டர் முன்னால் கணவர் காது சிவக்க உட்கார்ந்திருந்தார்; சொன்னதையெல்லாம் கேட்டார். வலி போய்விட்டது. வெட்கம் போகவில்லை. அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு மாமியார் விடியும் முன்பே மடிசார் கட்டிக்கொண்டு கிளம்பினார். அடுப்படியில் நான் இருந்தேன். "போயிட்டு வரேன்டி" என்று அவர் வாசலிலிருந்து சொன்னபோது, எனக்குத் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.