வெயில் படாத வீடு கட்டினவன்

கும்மிடிப்பூண்டியில் எத்தனை கம்பெனி ஷெட்டுக்குக் கூரை போட்டது என் கை என்று எனக்கே ஞாபகமில்லை. படிப்பு மூணாங்கிளாஸ். உச்சி வெயிலில் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து போல்ட் முடுக்கியே முதுகு கருத்தவன். படித்த இன்ஜினியருங்க நிழலில் நின்று, "பார்த்துப்பா" என்பார்கள். அவர்கள் படித்தது அது.

பிறகு நானே கான்ட்ராக்ட் எடுத்து, கவரைப்பேட்டையில் வீடு கட்டினேன். மொட்டை மாடி முழுக்க நீல ஷீட். ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம். துணி காயப்போடும் இடத்துக்கும் ஒரு ஷீட். என் வீட்டுக்காரி சேற்றில் குனிந்து நாற்று நட்டே பாதி ஆயுசைக் கழித்தவள். கிரகப்பிரவேசத்தன்று நாலு பேர் கேட்கச் சொன்னேன்: "இன்னிலேர்ந்து உன் மேல வெயில் பட்டா என்னைக் கேளு."

படவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

சில வருஷத்தில் அவளுக்கு எலும்பெல்லாம் நோவு. அதோடு என்னிடம் சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் வருஷா வருஷம் ஆடியில் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு நடந்தே போகிறவள், இந்த வருஷம் "ஆத்தா மன்னிச்சுக்குவா" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்கே காரில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆத்தாளைக் காக்க வைக்கிறவள் இல்லை அவள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வைட்டமின் டி ரொம்பக் கம்மி என்றார். எலும்பு நோவு அதனால்தான், மனசு சோர்ந்து கிடப்பதற்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றார்.

"வீட்டுக்குள்ள வெயில் வருமா ஐயா?"

"என்னைப் பார்த்தா கூரை இல்லாதவன் மாதிரியா இருக்கு?"

வாரம் ஒரு பொட்டலம் சத்துப் பொடி பாலில் கலந்து குடிக்கணும், தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரணும் என்று எழுதிக் கொடுத்தார். பட்டப்பகலில் அவர் ரூமில் மூணு டியூப்லைட். மேஜை ஓரம், காலி டம்ளர் பக்கத்தில் அதே பொட்டலம் ஒன்று கிழிந்து கிடந்தது.

என் பெண்டாட்டி தெருவில் உட்காருவதா? ஹால் ஜன்னலை இடித்து ஆள் உயரக் கண்ணாடி போட்டேன். ஏசி ஓட, நாற்காலியில் அவள். மடியில் பளிச்சென்று வெயில்.

"ஏசியில வெயில் காயறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்மே."

"ம்" என்றாள்.

ரெண்டு மாசம் கழித்தும் அதே "ம்". டாக்டரம்மாவிடம் கண்ணாடி விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பொட்டலத்தால கொஞ்சம் ஏறியிருக்கு. ஆனா கண்ணாடி வழியா வர்ற வெயில்ல அந்தச் சத்து உண்டாகாது ஐயா. வெளியில உட்காரத்தானே சொன்னேன்?"

என் வீட்டுக்காரி குறுக்கே சொன்னாள்: "வெளியில எங்கம்மா போறது? அண்ணாந்து பார்த்தாலும் இவரு ஷீட்டுதான்."

அடுத்த நாள், ஷீட்டைக் கழட்ட ஆளுங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கும்மிடிப்பூண்டி வரை சிரிக்கும். ஸ்பேனரோடு நானே ஏறினேன். நான் முடுக்கின போல்ட் லேசில் கழலுமா? ஒரு பகல் முழுக்க ஆச்சு. என்னைப் பார்த்துத் தன் மாடிக்கும் ஷீட் போட்ட எதிர்வீட்டுக்காரன் கத்தினான்.

"இன்னா நைனா, ஒழுகுதா?"

"இல்ல, நல்லாத்தான் அடைச்சிருக்கேன். அதான் கழட்டறேன்."

சிரித்தான். அவன் வீட்டம்மா வெளியே வந்து நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு. சிரிக்கட்டும்.

மறுநாள் காலை, வெயில் ஏறினதும், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். தினமும் வந்தாள். மூணாவது வாரமோ என்னவோ, தண்ணித் தொட்டி மேல் மிச்சமிருந்த ஷீட்டைக் காட்டிக் கையை நீட்டினாள்.

"இன்னாய்யா, அந்த ஒண்ணை மட்டும் இன்னாத்துக்கு வுட்டு வச்சிருக்க? அத்தையும் கழட்டு. வர்ற ஆடிக்கு நடந்தே வரேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். நீயும் நடக்கற. காரை எடுத்துக்கினு பின்னால வந்த, அவ்ளோதான்."

ஸ்பேனர் எடுக்கக் கீழே இறங்கினேன். இறங்கி முடிக்கிற வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தாள்.