ஹாரனுக்கு எடுத்த மஞ்சள் ஒயர்

அன்றைக்கு, தங்கச் சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, அக்காள் புருஷன், நான். அக்காள் இல்லை, சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். கட்டாயம் இருந்திருக்க வேண்டிய இன்னொருவரும் இல்லை. அவர் ராபர்ட்சன்பேட்டையில் கார் ஒயரிங் தெரிந்த மெக்கானிக். ஹாரனைச் சரிசெய்ய ஐந்து ரூபாய் கேட்டார் என்று அவரைக் கூப்பிடவில்லை.

கார் வாங்கி பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மாமா, அதாவது அக்காள் புருஷன், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கான்ட்ராக்டரோடு சண்டை போட்டு வேலையை விட்டு வந்து நான்கு மாதம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அக்காளின் நகையை விற்று, அப்பா சொசைட்டியில் கடன் வாங்கி, பெங்களூரிலிருந்து அந்தக் கறுப்புக் காரைக் கொண்டுவந்தோம். வாடகைக்கு ஓட்டி மாமா சொந்தக் காலில் நிற்க வேண்டும், தனி வீடு பார்த்து அக்காளைக் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே எண்ணம் அதுதான். முதல் சவாரி மறுநாள் காலை. பங்காருபேட்டை ஸ்டேஷனிலிருந்து கல்யாணப் பெண் வீட்டாரை மைசூர் மைன்ஸுக்கு அழைத்து வரவேண்டும். ஹாரன் மட்டும் ஊமையாகிவிட்டது. ஸ்டீரிங் குழாய்க்குள் போகிற ஒயர் எங்கேயோ அறுந்திருந்தது.

காரோடு ஒரு ஆங்கிலப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதினோரு நாளில் இரண்டு முறை படித்திருந்தேன். எந்த ஒயரைத் தொடுவதற்கு முன்னும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடு என்று ஐந்து இடத்திலாவது போட்டிருந்தது. சொன்னேன். மாமா பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார்.

"இன்னா மச்சான், நாளைக்கு ஸ்டேஷனுக்கு புக்கு ஓட்டினு போவுமா?"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தகர டப்பாவை இழுத்து வந்தார். அதில் மஞ்சள் ஒயர் சுருள் சுருளாக இருந்தது.

எங்கள் ஊரில் மஞ்சள் ஒயர் இல்லாத வீடு கிடையாது. கீழே, சுரங்கத்தில், பாறையில் துளை போட்டு மருந்து அடைத்து வெடிப்பார்கள். மருந்தைக் கிளப்ப அதற்குள் ஒரு கேப்பு வைப்பார்கள். விரல் நீளத்துக்குச் செம்புக் குழல், அதிலிருந்து இரண்டு மெல்லிய மஞ்சள் ஒயர் நீளமாக வெளியே வரும், அதில் கரண்ட் விட்டால் கேப்பு வெடிக்கும். வெடித்த பிறகு கல்லோடு கிடக்கும் ஒயரைப் பொறுக்கிச் சுருட்டி, டிபன் டப்பாவில் வைத்து மேலே கொண்டுவந்துவிடுவார்கள். கூடை பின்ன அதுதான், துணி உலர்த்தும் கொடிக்கு அதுதான், கோழிக் கூண்டுக்கும் அதுதான். எங்கள் வீட்டில் காலண்டர்கூட அதில்தான் தொங்கியது.

அப்பா இருபத்தாறு வருஷமாக வெடி வைக்கும் கும்பலில் வேலை செய்துவந்தவர். கேப்பின் ஒயர் முனைகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கித்தான் வைக்க வேண்டும், தப்பித் தவறிக் கரண்ட் ஏறாமல் இருக்க அது, டார்ச் லைட் பேட்டரியைக்கூட அதன் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று பெருமையாக எனக்குச் சொன்னவரும் அவர்தான். சுரங்கத்து லிஃப்டான கேஜில் ஏறி மேலே வந்ததும் அந்தப் புத்தி கீழேயே நின்றுவிடும் போலிருக்கிறது. டப்பாவிலிருந்து அவர் எடுத்த சுருளின் முனைகள் இரண்டும் முறுக்கியிருந்தன. வெடித்து முடிந்த ஒயரில் அந்த முறுக்கு இருக்காது. நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, கூடை பின்னப் பிரிக்கிறவரைப் போல முறுக்கைத் தன் கையாலேயே பிரித்து மாமாவிடம் கொடுத்தார். நடுவில் மண் உருண்டை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மண்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்தக் காரில் பேட்டரி முன் சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். மாமா வலது காலைத் தரையிலும் இடது காலைக் காருக்குள்ளும் வைத்துக் குனிந்தார். சுருளை இடது பாதத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முனைகளை மட்டும் நீளமாக இழுத்தார். ஒயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தீப்பொறி வந்தால் நல்ல ஒயர் என்றார். பேட்டரியைக் கழற்றவில்லையே என்று இன்னொரு தடவை சொன்னேன். பேட்டரி இல்லாமல் தீப்பொறி உன் புக்கிலிருந்தா வரும் என்று கேட்டுக்கொண்டே முனைகளைப் பேட்டரியில் வைத்தார்.

சத்தம் பெரியதுகூட இல்லை. தகரத்தை ஓங்கித் தட்டியது போல ஒன்று. மாமா பின்பக்கமாக வாசலில் விழுந்தார். புகையின் நாற்றம் அப்பாவுக்குத் தெரிந்த நாற்றம். அவர் முதலில் பார்த்தது மாமாவின் காலை அல்ல, தெருவை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வாயில் எச்சில் ஊறித் துப்பத் தோன்றுகிறது.

பாதத்திலும் கணுக்காலிலும் பொத்தல் பொத்தலாகப் பத்துப் பன்னிரண்டு காயம். ரத்தம் அதிகமில்லை. அதனால்தான் பொய் சொல்லத் துணிந்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த மண் உருண்டைக்குள் இருந்தது கேப்பு. வெடிக்காத கேப்பு வீட்டில் இருந்தது என்று தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும், வந்து சேரவேண்டிய பணம் போய்விடும், லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். அவருக்கு ரிடையராக ஒரு வருஷம்தான் பாக்கி.

"பேட்டரி வெடிச்சிடுச்சுன்னு சொல்லு. நீதான் இங்கிலீஷ்ல சொல்லணும்" என்றார் அப்பா.

மாமா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியே சொல் என்று தலையாட்டினார்.

பேட்டரி வெடிக்கவேயில்லை என்பது புறப்படும்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. சுத்தியலை எடுத்து அதை அவரே உடைத்தார். ஆசிட் வழிந்து வாசலில் நுரைத்தது. மருமகன் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்க, இவர் பொய்க்குச் சாட்சி தயார் செய்துகொண்டிருந்தார். நான் தள்ளி நின்று வேட்டியில் ஆசிட் படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் வேலை செய்கிறவர், இப்படிப்பட்ட காயம் அவருக்குப் புதிதில்லை. உள்ளே உலோகம் ஏதாவது போயிருக்கிறதா, கேப்பு ஏதாவது வெடித்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கன்னடத்திலும் ஒரு முறை கேட்டார். மறைக்க வேண்டாம், மறைத்தால் காலுக்குத்தான் கேடு என்றார். அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நோ சார்" என்றேன்.

பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் போய்ப் படித்த ஆங்கிலம் எங்கள் குடும்பத்துக்கு முதன்முதலாகப் பயன்பட்டது இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். ஆசிட் காயத்துக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்து, கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்த அசிங்கத்தை எப்படி எழுதுவது? பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அப்பா உடைந்த பேட்டரியைக் காட்டினார். நாளாக நாளாகக் கதை வளர்ந்தது. முதலில் புகை வந்தது, பிறகு நெருப்பே வந்தது, கடைசியில் அப்பா பாய்ந்து மாமாவை இழுத்துக் காப்பாற்றினார். மாமா படுத்தபடி ஆமாம் ஆமாம் என்றார். ஐந்தாம் நாள் காலில் கட்டிய துணியிலிருந்து நாற்றம் கிளம்பியது. சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தது. அம்மா ஊதுவத்தி ஏற்றி வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த மூன்று பேரும் அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்து சோறு தின்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் கால் முழங்கால்வரை வீங்கியது, பாதம் கறுத்தது. பெங்களூருக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் அரிசி நொய் போலச் செம்புத் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. கணுக்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இடது கால், கிளட்ச் மிதிக்கிற கால்.

அக்காளிடம் மாமாவே ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. கொடியில் துணி போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"டாக்டரு ரெண்டு வாட்டி கேட்டாராமே. நீ இன்னாடா சொன்ன?"

சொன்னதைச் சொன்னேன். கையிலிருந்த ஈரத் துணியைத் திரும்பப் பக்கெட்டிலேயே போட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு போடும்போது தட்டைத் தள்ளி வைப்பாளே தவிர என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவள் துணி போட்ட கொடியும் மஞ்சள் ஒயர்தான். அன்றே அதை அறுத்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் அப்பா டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக் கட்டியிருந்தார். நான் போய் அதன் இரண்டு முனையையும் தேடிப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு வருஷம் கழித்து மாலை மரியாதையோடு ரிடையராகி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

காரை விற்றோம். வாங்கியவர் அதே ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் எங்கள் வாசலில் வைத்தே முதலில் பேட்டரியைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் புது ஒயர் இழுத்தார். திரும்பப் பேட்டரியை மாட்டி அழுத்தியதும் ஹாரன் அடித்தது. உள்ளே படுத்திருந்த மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெக்கானிக் இப்போதும் ஐந்து ரூபாய்தான் கேட்டார்.

காரில் போன நஷ்டம், அப்பா உடைத்த பேட்டரிக்குப் பதில் வாங்கிய பேட்டரி, பெங்களூர் ஆஸ்பத்திரி, போக வர ரயில், மாமாவுக்குச் செய்த கட்டைக் கால், எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.