உயிரோடிருந்த உடையப்பனுக்குச் செல்லாயி வைத்த ஒப்பாரி

செல்லாயி ஒப்பாரி வைத்தால் கிந்தா ஆறு ஒரு நிமிடம் நின்று, மூக்கைச் சிந்திவிட்டுத்தான் மறுபடி ஓடும். ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் ஈயம் தோண்டிய குட்டைகளெல்லாம் நிறைந்து கிடப்பதற்கு மழை காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்தப் பொய். அத்தனையும் செல்லாயி பாட்டைக் கேட்டவர்கள் விட்ட கண்ணீர். ஒரு தடவை பாடையில் கிடந்த பிணமே விசும்பியதாம். பக்கத்தில் இருந்தவர்கள்தான் "நீ சும்மா படு" என்று அதட்டினார்களாம்.

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஆள் என்னவோ பால் வாளியைவிடக் கொஞ்சம்தான் உயரம். லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டியே தோள் ஒரு பக்கம் சாய்ந்துபோனவள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், பிள்ளை கிடையாது. தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவளைத் தேடித்தான் ஓடும். போய்ப் பாடுவாள். கூலி, ஒரு குவளை கோப்பி.

எழுபத்தெட்டாம் வருஷம் தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்க்கப் போகிறார்கள், லயத்து வீடுகளைக் காலி செய்யவேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். செல்லாயி அப்போதுதான் வேலையை விட்டு, சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கியிருந்தாள். இனி ஒரு கூரை வேண்டுமென்றால் அந்தப் பணத்தில்தான்.

பணம் வந்த வாசம் எப்படித்தான் தெரியுமோ, உடையப்பன் வந்து சேர்ந்தான். ஈப்போவில் ஒரு சீனர் கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ், கீழே டட்சன் கார், உடம்பெல்லாம் செண்டு. லகாட்டுக்கு அந்தப் பக்கம் மனை பிரித்துக் கொடுக்கிறேன் என்றான். வயதானவர்களாகப் பார்த்துத்தான் பேசினான். பிள்ளைகள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் வந்தான்.

"ரசீது தருவீங்களா தம்பி?" என்று செல்லாயி கேட்கத்தான் செய்தாள்.

"நமக்குள்ள ரசீது எதுக்குக்கா? ஆத்தா சாட்சி. கோயில்ல வச்சுத் தட்டு மாத்திக்குவோம் லா!"

அங்கேதான் கவிழ்ந்தாள். பெண்ணையே தட்டு மாற்றித்தான் கொடுக்கிறோம். மாற்றிய பிறகு பேச்சு மாறினால் அவன் மனுஷனே இல்லை. மாற்றிய பிறகு தாள் கேட்டால் கேட்டவளுக்குத்தான் கேவலம். மாரியம்மன் கோயிலில் உடையப்பன் தட்டை நீட்டினான். வெற்றிலை, பாக்கு, தேங்காய், நடுவில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மண்ணுருண்டை. "இது ஒங்க மனை மண்ணுக்கா." அவள் தட்டில் சேமநிதி மொத்தமும் இருந்தது. அவளைப் பார்த்து இன்னும் மூன்று கிழவிகளும் லாரிக்காரச் சன்னாசியும் தட்டு மாற்றினார்கள்.

ஒரு நாள் ஆசையாக மனையைப் பார்க்கப் போனாள். அங்கே ஒரு சீனர் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது அவர் அப்பா காலத்து நிலமாம். போலீசில் "தாள் இருக்கா?" என்று கேட்டார்கள். செல்லாயி மஞ்சள் துணியை அவிழ்த்து மண்ணுருண்டையைக் காட்டினாள்.

நேரே உடையப்பன் ஆபீசுக்குப் படியேறினாள்.

"யாருக்கா நீங்க? எங்கிட்ட எப்பப் பணம் குடுத்தீங்க?" என்று சிரித்தான். "வயசாச்சுன்னா மறதி வரும் லா. வீட்டுல சொல்லி டாக்டர்கிட்டக் காட்டுங்க."

செல்லாயி படியிறங்கி வரும்போதே பாட்டுக்கு அடியெடுத்துவிட்டாள்.

சன்னாசி தடுத்துப் பார்த்தான். "அக்கா, உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வச்சா, வச்சவ நாக்கு அழுகிப்போவும்னு சொல்லுவாங்க."

"வீடே போச்சு. நாக்கு இருந்து எந்த வீட்டுக்கு வெளக்கு ஏத்தப் போவுது? கெளம்புடா."

சீனப் பெருநாளுக்கு முந்தின வாரமாகப் பார்த்துத்தான் போனார்கள். கோப்பிக்கடையில் கால் வைக்க இடமில்லை. நான்கு கிழவிகளும் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாடிப்படி வாசலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுக்கொண்டார்கள். செல்லாயி எடுத்தாள்:

"செண்டு பூசி வந்தவரே, சிரிச்சுப் பேசிப் போனவரே,
மண்ணுருண்டை தந்துபுட்டு மண்ணுக்குள்ள போனீரோ!
தட்டு மாத்திச் சொன்ன சொல்லு தண்ணியிலே போயிருச்சே,
கெட்டிக்காரி செல்லாயி கெட்ட கதை கேளுங்களே!
தாளு கேட்டு வாங்காத தாய்மாரே பாத்துக்குங்க,
ஆளு செத்தும் உடையப்பன் ஆபீசு நாறுதம்மா!"

மார்பில் அடித்த அடியில் பக்கத்து மேசையில் கரண்டிகள் குதித்தன. மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பெருநாள் நேரத்தில் சாவுப்பாட்டு! கடை முதலாளியான தவுக்கே கல்லாவிலிருந்து ஓடிவந்து மலாயில் கத்தினார்: "சியாபா மாத்தி? சியாபா மாத்தி?"

யார் செத்தது என்று கேட்கிறார். சன்னாசி மேலே கைகாட்டினான். அந்த நேரம் பார்த்து, செத்தவரே படியிறங்கி வந்தார்.

கடையும் மாடியும் தவுக்கேயுடையவை. சன்னாசி சொன்ன கதையை அவர் கேட்டார். உடையப்பனைப் பார்த்து ஒரே பேச்சுதான் பேசினார்: இந்தக் கிழவிகள் போகாவிட்டால் நீ போகவேண்டியதுதான்.

உடையப்பன் செல்லாயி பக்கத்தில் குந்தினான். செண்டு வாசத்தையும் தாண்டி வியர்வை அடித்தது. "அக்கா, ஒங்க பணத்த மட்டும் தந்துர்றேன். எந்திரிங்கக்கா."

அந்த 'மட்டும்' காதில் விழுந்ததும் செல்லாயி குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றினாள். இந்த முறை அவன் அப்பன், பாட்டன் எல்லாம் பாட்டுக்குள் வந்து விழுந்தார்கள்.

உச்சி வெயிலுக்குள் டட்சன் கார் விலைக்குத் தவுக்கே கைக்கு மாறியது. ஐந்து பேர் பணமும் ஐந்து பேர் மடிக்கு வந்தது. மற்ற மூன்று கிழவிகளும் எழுந்து கூந்தலை முடிந்தார்கள். செல்லாயி மட்டும் எழவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

"அதான் குடுத்துட்டேனேக்கா!" என்று உடையப்பன் அழாத குறையாகக் கும்பிட்டான்.

"அது வீட்டுக்கு. இது எனக்கு."

கடைசி அடிவரை பாடினாள். பிறகு எழுந்து, கோப்பிக்கடைக் குழாயைத் திறந்துவிட்டு, துக்க வீட்டுக்குப் போய் வந்தவள் செய்கிற மாதிரி, எல்லோரும் பார்க்கத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அதோடு உடையப்பன் கதை முடிந்தது. ஈப்போவில் நம் ஆட்கள் யாரும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. செத்தவனை யார் தொடுவார்கள்? பாகான் டத்தோ பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

செல்லாயி ஒரு பலகை வீடு வாங்கினாள். வயது ஏற ஏற மனசும் கனிந்துவிடும் அல்லவா? நாளடைவில் அவள் உடையப்பனை மனதார மன்னித்துவிட்டாள்.

இதுவரை எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டியபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த செல்லாயியின் கை நின்றது.

"யாருடா மன்னிச்சா?"

எழுதிய பயல் தாளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "அது... முடிவு நல்லா இருக்கணும்ல பெரியம்மா. படிக்கிறவங்க ரெண்டு சொட்டு அழுவாங்க..."

"அழ வைக்கிறது என் வேலை. நீ நடந்தத எழுது."