எங்கள் வாசல் பாறையில் ஒன்பது மருமகள்கள்

அந்த அதிகாரி எங்கள் ஊருக்கு வந்து முதலில் செய்த காரியம், எங்கள் வீட்டுக் கூரையில் தலையை இடித்துக்கொண்டதுதான். மலைக்காற்றுக்காகத் தாழ இறக்கிய புல் கூரை. யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். அவர் குனியவில்லை.

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார். எங்கள் பன்னிரண்டு வீடும் எவ்வளவு பழசு என்று எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். பழைய ஊர் என்றால் இருக்கலாம். காட்டுக்குள் புதிதாகக் குடியேறியது என்றால் காலி செய்ய வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது.

மண் சுவரை நகத்தால் சுரண்டினார். கூரையிலிருந்து ஒரு புல்லை உருவிப் பார்த்தார்.

“செவுரு புதுசு, புல்லு புதுசு. இன்னாய்யா, நேத்து வந்து குந்திக்கினு பழைய ஊருன்றியே?”

“மழையில செவுரு கரைஞ்சா மறுபடி வெப்போம் சார். புல்லு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தறதுதாங்க,” என்றார் அப்பா.

“எழுத்து எதனா இருக்கா?”

அப்பா தலையைச் சொறிந்தார். எங்கள் ஊரில் எழுத்து என்று இருந்தது என் சிலேட்டில் மட்டும்தான்.

புது ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பாறைக்கு ஓடிவிட்டேன். எல்லா வீட்டு வாசலும் நடுவில் கிடக்கும் அந்த ஒரே பாறையைப் பார்த்துத்தான் இருக்கும். சாமை குத்தும் உரல் குழிகள் அதில்தான். எங்கள் வீட்டு வரிசையில் அம்மாவின் குழி மட்டும் திறந்திருக்கும். மற்றவை மேல் கல் மூடியிருக்கும், தொடக்கூடாது. முந்தின நாள் விளையாட்டில் ஒன்றைத் திறந்து, மூட மறந்திருந்தேன். அதற்குள் ஒரு கோழிக்குஞ்சு விழுந்து கத்திக்கொண்டிருந்தது.

குப்புறப் படுத்துக் கையை விட்டேன். தோள் வரைக்கும் போயிற்று. குஞ்சு பிடிபடவில்லை. தாய்க்கோழி என் முதுகில் ஏறிக் கொத்தியது.

“அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது?” என்றார் அதிகாரி.

“மாமியா வாயில கைய வுட்டுக்கினு கெடக்குது சார்,” என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவளுக்கு யாரையும் சிரிக்க வைக்காமல் பேச வராது.

அதிகாரிக்குப் புரியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். “மருமவ வந்தா அவளுக்குன்னு ஒரு குழி வெட்டுவாங்க சார். அதுல அவ மட்டுந்தான் குத்துவா. அவ போய்ச் சேந்துட்டா கல்ல வெச்சி மூடிடுவோம். அது எங்க மாமியாளுது.”

“இவ்ளோ ஆழமா வெட்டுவாங்களா?”

“வெட்டறது ஒரு விரக்கட ஆழந்தாங்க. மீதி ஒலக்க போட்டது. எனக்குப் பத்து வருஷத்துல சாண் கூட எறங்கல, பாருங்க.”

அதிகாரி டேப்பை எடுத்தார். முதலில் குஞ்சை எடுத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு அம்மாவின் குழியை அளந்தார், மாமியாருடையதை அளந்தார். “இதுக்கு முன்னாடி?”

“மாமியாளுக்கு மாமியா. அப்பால அவங்க மாமியா.”

அப்பா ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். ஒன்பது குழிகள். கடைசிக் குழியில் வேர் இறங்கியிருந்தது.

அவரவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தங்கள் தங்கள் வரிசையில் நின்று, “எங்க வூட்ல எட்டு சார்,” “எங்குளுத வுட்டுட்டீங்களே!” என்று கூப்பிட்டார்கள். பெரியம்மா, “எங்க மாமியா வாய் பெருசு, டேப்பு பத்தாது,” என்றாள். அவர் வெயில் சாயும்வரை எழுதினார். போகும்போது எங்கள் வீட்டில் கூழ் குடிக்க, நன்றாகக் குனிந்து நுழைந்தார்.

பழைய குடியிருப்புதான் என்று தாள் வந்த அன்று பன்னிரண்டு உலக்கையும் ஒன்றாக விழுந்தன. பாறையே அதிர்ந்தது. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா சுற்றி வந்தார். ஊரைக் காப்பாற்றிய கை என்று என் கையை ஆளாளுக்குப் பிடித்துப் பார்த்தார்கள்.

அந்தத் தெம்பில் அம்மாவிடம் கேட்டேன், “எனக்கு எங்க வெட்டுவீங்க?”

“ஒனக்கு இங்க ஏதுடி? நீ போற வூட்ல வெட்டுவாங்க.”

ஓவென்று அழுதேன். ஊரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு குழி இல்லையா? அந்தப் பாறை பழசு என்று சாட்சி சொன்ன ஒன்பது பேரும் என்னைப்போல வேறொரு பாறையில் வளர்ந்து, அதை விட்டு வந்தவர்கள்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே கண்ணை ஏன் துடைத்தாள் என்பதும்தான்.