சிப்பிக் குழியும் கரவெட்டிச் சம்பந்தமும்

சிப்பி, சோகி என்கிற சோழி ஒட்டி மயிலும் கப்பலும் செய்து விற்பது பார்க்கிறவர்களுக்குக் கலை. செய்கிறவனுக்கு, உள்ளே கிடக்கும் சீவனோடு மல்லுக்கட்டு. கடலிலிருந்து வந்த கையோடு வளவில் குழி தோண்டிப் புதைத்து, எறும்புகள் சதையைத் தின்று முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்திய தோழர்களே, என் கதையையும் கேளுங்கள்.

கடைக்குப் போன மயில்

சாவகச்சேரி முதலாளி ஒருவர் கடை திறப்புக்கு மயில் வேண்டுமென்று அவசரப்படுத்தினார். எறும்புகள் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே தோண்டியெடுத்து ஒட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மயிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தோகையில் பாதியைக் காணவில்லை.

“தம்பி, மயில் வடிவுதான். ஆனா ஊர்ப் பூனையெல்லாம் என்ரை கடைக்குள்ளைதான் படுக்கை. பக்கத்திலை ஒரு நாயையும் ஒட்டித் தாரும்!”

கொடியேறிய பிறகு

அதன்பின் நான் எறும்புகளை அவசரப்படுத்துவதில்லை. காங்கேசன்துறையில் எங்கள் பக்கத்துக் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் தெருவில் ஒரு வீட்டிலும் மீன் சட்டி அடுப்பேறாது. அந்த முறை என் குழி மட்டும் முழு வீச்சில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் சண்டைக்கு வந்தார். மீன் சமைக்கவில்லையென்று சத்தியம் பண்ணி, குழியைத் திறந்து காட்டினேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“கறியெண்டா ஒரு நேரத்தோடை முடிஞ்சிடும். உது எப்ப தம்பி முடியும்?”

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

அதே கிழமை தரகர் ஏ-40 காரில் கரவெட்டியிலிருந்து பெண்ணின் தகப்பனைக் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணை நான் ஒரு கண்காட்சியில் கண்டிருக்கிறேன். என் சிப்பிக் கப்பலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். அவள் கிடைக்காவிட்டால் கலியாணமே வேண்டாம் என்றிருந்தேன். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். பாழாய்ப்போன காற்று குழிப்பக்கமிருந்து அடித்தது. தேத்தண்ணியைக் கீழே வைத்தவர், “சைவமெண்டெல்லோ சொன்னவை?” என்றார். நான் சைவம்தான், சிப்பிக்குள் கிடப்பதைப் பார்த்த நாளிலிருந்தே சைவம். குழியையும் காட்டினேன். எழுந்துவிட்டார்.

“மச்சம் மாமிசம் தின்னுறவரெண்டா விடச் சொல்லலாம். தொழிலே உதெண்டா நான் என்னத்தைச் சொல்ல?”

தரகர் திரும்பி வந்தார்

எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கிழமை தரகர் வந்து, படலைக்கு வெளியே நின்றபடி தொண்டையைச் செருமினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“தம்பி, ஒரு விசயத்தை மறைச்சுப்போட்டம், கோவிக்கப்படாது. பொம்பிளைக்குச் சின்னனிலையிருந்தே பீனிசம். ஒரு மணமும் தெரியாது. இந்தக் குறையோடை உமக்குச் சம்மதமோ எண்டு தகப்பன் கேட்டுவரச் சொன்னவர்.”

சாதகத்தில் எத்தனை பொருத்தமென்று இன்றுவரை நான் கேட்டதில்லை. எனக்கு வேண்டிய பொருத்தம் அவள் மூக்கிலேயே இருந்தது.